வாத்து விருந்தில் கொடுத்த வாக்கு

ஷோம்கூத்,
புனித மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள்

அரசரின் தாயார் அபொலோனியா அம்மையாருக்கு மகள் டோரொத்யா வணக்கத்துடன் எழுதுவது.

உங்களுக்கு நான் எழுதிப் பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. ஏன் எழுதவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதை இங்கே கிளறப் போவதில்லை.

என் கணவர் பெனெடெக் நலமாக இல்லை. அறுவடை முடிந்ததும் கால்கள் வீங்கத் தொடங்கின. இப்போது வீக்கம் வயிறு வரை ஏறிவிட்டது. வாராத் நகரத்திலிருந்து வைத்தியரை வரவழைத்தேன். குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்று கேட்டேன். அவர் தன் பையைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

எங்களுக்கு ஹெட்விக் ஒருத்திதான், உங்களுக்குத் தெரியும். பெனெடெக்குக்கு அண்ணன் தம்பியும் இல்லை. அவர் கண்ணை மூடினால் இந்த வீடு, ஆற்றோர வயல்கள், திராட்சைச் சரிவு எல்லாம் சட்டப்படி அரசருக்குப் போகும். பெண் பங்கு என்று ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்து எங்களை அனுப்பிவிடுவார்கள். இதைத் தடுக்க ஒரு வழிதான் உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, இந்தப் பெண் இனி இவருக்கு மகன் என்று அரசர் எழுதி முத்திரையிட வேண்டும். பழைய அரசர்கள் சிலர் அப்படிப் பெண்களை மகனாக்கியிருக்கிறார்கள்.

தம்பி கெர்கேய்க்கு நானே எழுதலாம். அவன் முடிசூடிய நாளில் நான் வரவில்லை. என் கடிதத்தைப் பிரிப்பானா என்பதே சந்தேகம். நீங்கள் கேட்டால் அரசர் மறுக்கமாட்டார் என்று நாடே சொல்கிறது. ஹெட்விக்குக்காகக் கேளுங்கள். எனக்காக வேண்டாம்.

டோரொத்யா


ஷோய்ம்வார்,
புனித பிரான்சிஸ் திருநாள்

டோரொத்யாவுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். அடுப்பருகே உட்காரவைத்து முட்டைக்கோசும் பன்றிக்கறியும் கொடுக்கச் சொன்னேன். அவன் சாப்பிடுகிற நேரத்தில் இரண்டு முறை படித்துவிட்டேன். 'அரசரின் தாயார் அபொலோனியா அம்மையாருக்கு' என்று தொடங்குகிறாய். ஆட்டுமேய்ச்சலுக்கு அனுமதி கேட்டு எழுதுகிறவர்கள்கூட இதைவிட நெருக்கமாக எழுதுகிறார்கள்.

இருக்கட்டும். கேட்கிறேன்.

ஆனால் கெர்கேய்க்குக் கடிதம் எழுதமாட்டேன். என் கடிதங்களை இப்போது முதலில் படிப்பவர்கள் எழுத்தர்கள். அவர்கள் ஒன்றைப் படித்து அவனிடம் வேறொன்றைச் சொல்வார்கள். போன வசந்தத்தில் என் தோட்டக்காரனுக்காக எழுதினேன், பதிலாக ஒரு மதகுருவின் நியமனம் வந்தது. நேரில் கேட்பதுதான் சரி. அடுத்த மாதம் புனித மார்ட்டின் திருநாளுக்கு அவன் வருவான். எந்தப் போரில் இருந்தாலும் அந்த ஒரு நாள் என் வீட்டு வாத்துக்கும் புது ஒயினுக்கும் வந்து சேர்ந்துவிடுவான். வயிறு நிறைந்திருக்கும்போது அவன் எனக்கு எதையும் மறுத்ததில்லை.

அதுவரை பொறு. பெனெடெக் கனத்த உடம்புக்காரர். அப்படிப்பட்டவர்கள் சட்டென்று போய்விடமாட்டார்கள். உப்பைக் குறை, பார்லி வேகவைத்த தண்ணீர் கொடு.

ஹெட்விக் யார் சாயல்? வந்துபோகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உன் அம்மா


ஷோம்கூத்,
புனித லூக்கா திருநாள்

அம்மையாருக்கு,

மார்ட்டின் திருநாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இப்போது அவரால் படுக்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நீங்கள் அரசர் இருக்கும் புடாவுக்குக் கிளம்பினால் ஒரு வாரத்தில் போய்விடலாம். என் குதிரைகளை அனுப்புகிறேன்.

நம் எண்ணத்தை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஹெட்விக், இங்க வா. உன்ன மகனாக்கப் போறாங்களாம். மீசைக்கு இப்பவே எண்ணெய் தேய்க்க ஆரம்பி."

"அப்ப நான் சண்டைக்குப் போணுமாப்பா?"

"பின்ன? உங்க மாமா கூப்பிட்டா போய்த்தான ஆகணும்."

"மாமா நல்லா சண்டை போடுவாரா?"

"அவருக்காக மத்தவங்க நல்லா போடுவாங்க."

அவள் போன பிறகு என்னிடம், "ஒங்கம்மா கேட்டா நடக்கும். எங்கிட்டேருந்து ஒரு படையவே கேட்டு வாங்கினவங்களாச்சே" என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. அவருக்கு உங்கள்மேல் ஒருவித மரியாதை உண்டு. எனக்குத்தான் இல்லாமல் போனது.

ஹெட்விக் உங்கள் சாயல். பிடிவாதமாக இருக்கும்போது தாடை முன்னே வருகிறது.

டோரொத்யா


ஷோய்ம்வார்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

டோரொத்யாவுக்கு,

உன் இரண்டாவது கடிதம் வந்தபோது எனக்கு முழங்கால் வீக்கம். வண்டியில் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. அதை விடு. காரியம் முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று அவன் வந்தான். தலைமுதல் கால்வரை சேறு. அரசன் என்று சொன்னால் நாய்கூட நம்பாது. வாத்தின் நெஞ்செலும்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். வெள்ளையாக இருந்தது, கடும் பனிக்கு அடையாளம்.

"பனி கடுமையா இருக்கும்மா. படைய எப்படிப் பட்டினி போடாம வைக்கறதுன்னு தெரியல."

"அத நாளைக்குப் பாத்துக்கலாம். ஒங்கக்கா பொண்ண மகனாக்கணும்."

"எந்த அக்கா? எங்கூடப் பேசாத அக்காவா?"

"ஒனக்கு வேற அக்கா இருக்காளா என்ன? பெனெடெக் படுத்துட்டாரு. அவரு குதிரைவீரங்க மட்டும் அன்னிக்கு வரலேன்னா ஒனக்கு அந்தச் சிறையிலயே தாடி நரைச்சிருக்கும்."

சிரித்தான். எதிரிகள் அவனைப் பணயமாகப் பிடித்துவைத்திருந்த காலத்தைப் பற்றி அவனிடம் நான் ஒருத்திதான் இப்படிப் பேசலாம். வேறு யார் எடுத்தாலும் முகம் மாறிவிடும்.

"சரிம்மா, மகனாக்கிடறேன். போதுமா? அந்தக் கால எனக்கு எடுத்து வைங்க."

வாத்துக் காலை எடுத்துவைத்தேன். அவ்வளவுதான். முத்திரையைக் காக்கும் மந்திரி உடன் வரவில்லை. புடாவுக்குப் போனதும் எழுதி அனுப்புவான். மகன் தாய்க்குக் கொடுத்த வார்த்தைக்கு முத்திரை மெழுகு எதற்கு என்று நான் வற்புறுத்தவில்லை.

பெனெடெக்கிடம் சொல், ஷோம்கூத்துக்கு வாரிசு உண்டு.

உன் அம்மா


ஷோம்கூத்,
புனித லூசியா திருநாள்

அம்மா,

பெனெடெக் போய்விட்டார். ஞாயிறு காலை, முதல் பனி விழுந்துகொண்டிருந்தபோது. கோயிலில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வாத்துக் கால் வந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு மேற்பார்வையாளர் பாலின்ட்டைக் கூப்பிட்டு, "இனிமே சின்னம்மா இல்ல, சின்னய்யா" என்றார். பாலின்ட் அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார். "சின்னய்யா, கஞ்சி ஆறுது" என்கிறார். "சின்னய்யாவுக்கு மூக்கு ஒழுகுது, யாராச்சும் தொடச்சுவிடுங்க" என்று அடுக்களையில் கத்துகிறார். துக்க வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஹெட்விக் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் குதிரைக்குத் தானே தீனி போடுகிறாள்.

கடைசி நாட்களில் அவருக்குப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. மூச்சுக்குத்தான் தவித்தார், மனம் தவிக்கவில்லை. அதை அவருக்குக் கொடுத்தவர் நீங்கள். இதை எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறேன்.

இந்த ஆளிடம் உலர்ந்த பிளம் பழமும் ஆட்டுப்பாலாடைக் கட்டியும் கொடுத்தனுப்புகிறேன். கட்டியில் உப்பு கூடுதல், உங்கள் முழங்காலுக்கு ஆகாது. கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

பனி உருகியதும் ஹெட்விக்கை அழைத்துக்கொண்டு வரலாமா என்று யோசிக்கிறேன்.

டோரொத்யா


புடா,
மெழுகுத்திரித் திருநாளுக்குப் பின் மூன்றாம் நாள்

டோரொத்யா,

நான் புடாவில் இருக்கிறேன் என்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். நீ எப்போதும் என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறவள்.

மகனாக்கும் பத்திரம் எழுதப்படவில்லை. மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது. பெனெடெக் போன செய்தி உன் கடிதம் எனக்குக் கிடைக்கும் முன்பே இங்கே வந்துவிட்டது. அவனைத் தனியே பிடிக்க நான்கு நாள் காத்திருந்தேன், என் மகனைப் பார்க்க.

"சொன்னேம்மா. சொல்லலேன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்கு யாரு சாட்சி? நீங்களும் ஒரு வாத்தும்."

"நீ எனக்குக் குடுத்த வார்த்தைக்கு சாட்சி வேணுமாடா?"

"எனக்கு வேணாம், அரசவைக்கு வேணும். அவரு செத்தப்போ பத்திரம் இல்ல. நெலம் எங்கிட்ட வந்துடுச்சு. தெக்கு எல்லையில ஓஷ்வாத்தும் அவன் ஆளுங்களும் எனக்காகப் பனியில கெடக்கறாங்க. அவனுக்கு நான் இன்னும் ஒண்ணுமே செய்யல."

"அதுக்கு ஒங்கக்கா வீடுதான் கெடச்சுதா?"

எழுந்துபோய் சன்னலைச் சாத்தினான். பிறகு, "ஒண்ணு பண்ணலாம்மா. நெலத்த ஓஷ்வாத்துக்கே தரேன், அவன் ஹெட்விக்கக் கட்டிக்கட்டும். இப்ப நிச்சயதார்த்தம் மட்டும் போதும். பதினாலு வயசானதும் கல்யாணம். அக்கா அந்த வீட்டுலயே இருக்கலாம். யாரும் எதையும் இழக்கவேண்டாம்" என்றான்.

திருநாளுக்காக எல்லையிலிருந்து வந்திருந்த ஓஷ்வாத்தை விருந்தில் கவனித்தேன். நாற்பதைத் தாண்டியவன். பற்கள் எல்லாம் இருக்கின்றன. குடித்தாலும் குரல் உயர்வதில்லை. வேலைக்காரர்களிடம் தன்மையாகப் பேசுகிறான். ஹெட்விக் தன் வீட்டிலேயே வளர்ந்து, தன் வீட்டிலேயே மனைவியாகலாம். நம் போன்றவர்களில் எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கிறது?

நான் இதற்குச் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. உன்னைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன். இதற்குமேல் என்னால் வாங்கமுடியவில்லை என்று எழுத மனம் வரவில்லை. ஆகவே இதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்.

உன் அம்மா


ஷோம்கூத்,
புனித கிரகோரி திருநாள்

அம்மையாருக்கு,

ஹெட்விக்கைக் கொடுக்கமாட்டேன்.

பற்கள் எல்லாம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, மனைவியை இழந்த பெனெடெக்கைப் பற்றியும் நீங்கள் இப்படித்தான் சொன்னீர்கள். அப்போது நான் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தேன். நீங்கள் தரையில் மண்டியிட்டு, தம்பியை மீட்க வேறு வழியில்லை என்று அழுதீர்கள். நானே வெளியே வந்தேன். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெனெடெக் நல்லவராக இருந்தார். அது எனக்கு வாய்த்தது. அதை உங்கள் புண்ணியத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து என்னை அனுப்பவில்லை. எத்தனை குதிரை கொண்டுவருவார் என்று விசாரித்து அனுப்பினீர்கள்.

எனக்கு என்மேலும் கோபம்தான். பத்திரம் எங்கே என்று மார்ட்டின் திருநாள் முடிந்த அந்த வாரமே கேட்டிருக்கலாம். அவர் அதற்குப் பிறகும் உயிரோடுதான் இருந்தார். கேட்டால் உங்களை நம்பவில்லை என்றாகிவிடுமே என்று பேசாமலிருந்தேன். மறுபடி உங்களை நம்பிப் பார்ப்பது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அதற்கும் முன்பு, அவர் திடமாக இருந்த காலத்திலேயே என் வீம்பை விட்டு எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

என் மறுப்பை அரசருக்கு நேரே எழுதிவிட்டேன். பதிலும் வந்துவிட்டது. நிச்சயதார்த்தம் வேண்டாமென்றால் விட்டுவிடலாமாம். நிலம் ஓஷ்வாத்துக்குத்தானாம். புனித ஜார்ஜ் திருநாளுக்குப் பின் அரசரின் ஆளும் கோயில் சபையின் குருவும் வந்து, அக்கம்பக்கத்து நிலக்காரர்களைக் கூட்டி, அவனை நிலத்துக்கு உரியவனாக அமர்த்துவார்கள். அதை நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஹெட்விக்கோடு வாராத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன். பாலின்ட் இன்னும் அவளைச் சின்னய்யா என்றுதான் கூப்பிடுகிறார். நேற்று, "என்ன அப்படிக் கூப்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் வாராத்துக்கு வரவேண்டாம். நான் இருக்கும் எந்த வீட்டிலும் உங்களைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

டோரொத்யா


ஷோம்கூத்,
புனித ஜார்ஜ் திருநாளுக்குப் பின் நான்காம் நாள்

டோரொத்யா,

உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபப்படாமல் முழுக்கப் படி.

அமர்த்தும் சடங்குக்கு எனக்கும் அழைப்பு வந்தது. அரசரின் தாய் என்பதற்காக இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிறு கிராமம் உன் அப்பா எனக்கு எழுதிவைத்தது. எல்லை தொடுகிற நிலக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடவேண்டும் என்பது முறை. புடாவில் ஓர் எழுத்தன் முறைப்படி எழுதி அனுப்பியிருக்கிறான். யாரும் யோசிக்கவில்லை. வழக்கமாக நான் மேற்பார்வையாளரை அனுப்பிவிடுவேன். இந்த முறை நானே வண்டியில் ஏறினேன்.

நேற்று ஓடைக்கரைப் புல்வெளியில் எல்லோரும் கூடினோம். நிலக்காரர்கள் காலையிலேயே குடித்திருந்தார்கள். ஓஷ்வாத் புது மேலங்கியில் வேர்த்துக்கொண்டிருந்தான். குருவானவர் அரசரின் பத்திரத்தைப் படித்துவிட்டு, "யாருக்காவது மறுப்பு இருந்தா இப்பச் சொல்லலாம்" என்றார். எங்கோ ஒருவர் ஏப்பம் விட்டார்.

நான் எழுந்தேன். "எனக்கு மறுப்பு இருக்கு."

குருவானவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "அம்மா, இது ஒங்க மகனோட முத்திரை."

"தெரியும் சாமி. அந்தக் கைக்கு நகம் வெட்டிவிட்டவ நான். பெனெடெக் உயிரோட இருக்கறப்பவே ஹெட்விக்க மகனாக்கறேன்னு அவன் என் மேசையில சொன்னான். காதால கேட்டேன். புனிதர் எலும்பு மேல கைவச்சு சத்தியம் பண்றேன், எழுதிக்குங்க."

"இத எழுதினா அரசர் வாக்கு தவறினார்னு ஆகும்."

"ஆகட்டும். தவறினான்."

ஓஷ்வாத் என் பக்கம் வந்து, "நான் இந்த நெலத்தக் கேக்கலம்மா, எதாவது குடுங்கன்னுதான் கேட்டேன்" என்றான். பாவம். அவனுக்கும் நான் கெடுதல் செய்தேன்.

குருவானவர் பேனாவைத் தொட்டுக்கொண்டு, "எப்படிப் போடட்டும்? அரசரின் தாயார்னா?" என்றார்.

"வேணாம். ஓடைக்கு அந்தப் பக்கத்து நெலத்துக்காரின்னு போடுங்க."

ஒரு மறுப்பு பதிவாகிவிட்டால் யாரும் நிலத்தில் காலூன்ற முடியாது. வழக்கு புடாவுக்குப் போகும். தீரும்வரை இருந்தவர்கள் இருந்தபடி இருக்கலாம். ஆனால் வீடு காலியாக இருக்கக்கூடாது. அதனால்தான் நான் இங்கே படுத்திருக்கிறேன். ஹெட்விக்கை அழைத்துக்கொண்டு உடனே வா. வழக்கு எப்படித் தீரும் என்று தெரியாது. அவள் வளர்ந்து தன் வாயால் வேண்டும் வேண்டாம் என்று சொல்கிற வயதுவரை இழுத்தால் போதும் என்று பாலின்ட்டிடம் சொன்னேன்.

இன்று மதியம் கெர்கேயின் ஆள் வந்தான். இனி நான் புடாவுக்கு வரவேண்டாமாம். மார்ட்டின் திருநாளுக்கு அவனும் வரமாட்டானாம். அவன் கோபத்தில் தவறில்லை. அவனை அரசனாக்குவதற்கு நான் என்னவெல்லாம் கொடுத்தேன் என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவள் நீ. அவனுக்காக உன்னிடம் மண்டியிட்டேன். உனக்காக அவனிடம் ஒருநாளும் மண்டியிட்டதில்லை. வாத்து பரிமாறினேன்.

உன் வண்டி கிளம்பிவிட்டது என்று முன்னால் ஓர் ஆளை அனுப்பு. நீ வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். நீ எழுதியது நினைவிருக்கிறது.

அம்மா


ஷோம்கூத்,
பெந்தெகோஸ்தே ஞாயிறு

அம்மா,

வந்து சேர்ந்துவிட்டோம். நாங்கள் வந்த அன்று விடியற்காலையில்தான் நீங்கள் கிளம்பியதாக பாலின்ட் சொன்னார். நாங்கள் மதியம் வந்தோம். பாதையில் எங்கோ நம் வண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே போயிருக்கின்றன.

"இருங்கம்மா, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'அவ சொன்னது சொன்னதுதான்யா'ன்னுட்டு ஏறிட்டாங்க" என்று பாலின்ட் என்னையே குற்றவாளிபோலப் பார்த்தார். வண்டியில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்ததாம்.

ஹெட்விக் வீடு முழுக்கத் தேடினாள். "பாட்டி எங்க?" என்றாள். உங்களை அவள் பார்த்ததே இல்லை.

வாராத்திலிருந்து வரும் வழியெல்லாம் உங்களிடம் பேசவேண்டியதை யோசித்துக்கொண்டே வந்தேன். முதலில் சண்டை போடுவதாக இருந்தது. பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறந்ததிலிருந்து நான் வேண்டாம் என்று சொன்ன எதையும் நீங்கள் கேட்டதில்லை. வரவேண்டாம் என்றதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

டோரொத்யா